தவளை கடைசியில் வரட்டும்: டார்ட் தவளை வளர்ப்பு, வாசகர் கேள்வி பதில்

அக்கா, ஒன்பது வயது மகள் நீல நிற டார்ட் தவளைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். விஷத் தவளை என்கிறார்களே, பிள்ளை இருக்கிற வீட்டில் வைக்கலாமா?
(லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு அப்பா)

தாராளமாக வைக்கலாம் தம்பி. அந்த நீலத் தவளை தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டில், சிபாலிவினி பக்கத்துக் காட்டுத் திட்டுகளில் வாழ்வது. டிங்க்டோரியஸ் இனத்தில் ஒரு வகை. இந்தத் தவளைகளின் நஞ்சு அவை தின்னும் இரையிலிருந்து வருகிறது. காட்டில் எறும்பையும் சிற்றுண்ணிகளையும் தின்று, அவற்றிலுள்ள ஆல்கலாய்டு என்ற நச்சுப் பொருள்களைத் தோலில் சேர்த்து வைக்கின்றன. வளர்ப்புக் கண்ணாடிப் பெட்டியிலேயே பிறந்து பழ ஈ தின்று வளர்ந்த தவளையிடம் அந்த நஞ்சு இருக்காது. காட்டில் பிடித்த தவளையென்றால் நஞ்சு வருடக்கணக்கில் தங்கியிருக்கும், அதை வீட்டுக்குள் விடாதீர்கள். பெயரில் டார்ட், அதாவது அம்பு, இருந்தாலும் கொலம்பியாவின் எம்பெரா பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்பில் தடவியது ஃபில்லோபேட்டிஸ் என்ற வேறு பேரினத்துத் தவளைகளின் நஞ்சை.

ஆபத்து உண்மையில் தவளைக்குத்தான். அதன் தோல் எதையும் உறிஞ்சும். நம் கையில் ஒட்டியிருக்கும் சோப்பும் கிரீமும் அதற்குக் கேடு. இது பார்த்து ரசிக்கிற பிராணி, கையில் எடுக்கிற பிராணி இல்லை என்று மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெட்டிக்குள் கை விட்டால் முன்னும் பின்னும் கழுவ வேண்டும். இன்னொன்று, இவை பத்துப் பதினைந்து வருடம் வாழும். அவள் பல்கலைக்கழகம் போகும்போது ஈ போடப்போவது நீங்கள்தான்.

பெட்டி, செடி, இரண்டு டிங்க்டோரியஸ் தவளை எல்லாம் ஒரே நாளில் வாங்கினேன். ஒரு தவளை கொழுகொழுவென்று இருக்கிறது, மற்றது முதுகெலும்பு தெரிய மெலிந்துவிட்டது. பெட்டிக்குள் வைத்த புரோமிலியாட் (அன்னாசிக் குடும்பத்துச் செடி) வேறு அழுகிவிட்டது. என்ன செய்வது?
(பர்மிங்ஹாமிலிருந்து ஒரு வாசகி)

முதலில் மெலிந்ததை இன்றே பிரித்துவிடுங்கள். மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் பெட்டியில் ஈர டிஷ்யூ, ஒளிந்துகொள்ள இலை, தினமும் கொஞ்சம் பழ ஈ. எச்சத்தை எடுத்து, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் புழுப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

இரண்டும் பெண்ணாக இருக்குமோ என்பது என் சந்தேகம். டிங்க்டோரியஸ் பெண்கள் ஒன்றையொன்று விடாது. வலியது மற்றதன் முதுகில் ஏறி அமுக்கும், போகிற இடமெல்லாம் துரத்தும். ரத்தக் காயம் எதுவும் தெரியாது. அடி வாங்கியது பயத்திலேயே சாப்பிடாமல் மெலியும். முன்னங்கால் விரல் நுனிகளைப் பாருங்கள்: ஆணுக்கு அகன்று இதய வடிவில் இருக்கும், பெண்ணுக்கு ஒடுக்கம். ஏறக்குறைய ஒரு வயதாகும் வரை இது சரியாகத் தெரியாது. இரண்டும் பெண் என்றால் தனித்தனிப் பெட்டிதான், வேறு வழியில்லை.

புரோமிலியாட் ஏன் அழுகியது? மண்ணில் நட்டிருப்பீர்கள். அது காட்டில் மரக்கிளையைப் பற்றி வளர்வது. மரத்துண்டிலோ பின்சுவரிலோ அடியில் கொஞ்சம் பாசி வைத்துக் கட்டுங்கள், மண்ணே தேவையில்லை.

இந்தப் பொழுதுபோக்கில் நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான்: தவளையைக் கடைசியில் வாங்குங்கள். ஒரு ஜோடிக்கு 45 செ.மீ. நீள அகல உயரமுள்ள பெட்டி போதும். அடியில் நான்கைந்து செ.மீ. சுட்ட களிமண் உருண்டை, மேலே வலை, அதன் மேல் அட்லாண்டா தாவரவியல் பூங்காவின் பெயரால் ஏபிஜி என்று விற்கும் கலவை. மரப்பட்டை, கரி, பாசி, மரப்பெரணி நார் எல்லாம் அதில் இருப்பதால் எப்போதும் ஈரமாக இருந்தும் இறுகாது. மேலே ஓக் சருகை அள்ளிப் போடுங்கள். சருகு குறைந்த பெட்டியில் தவளை வெளியே வராது, ஒளிய இடமிருந்தால்தான் துணிந்து உலவும். பிறகு ஸ்பிரிங்டெயில் என்ற மிகச் சிறிய மண்பூச்சிகளை விட்டு ஆறேழு வாரம் காத்திருங்கள். புது மரத்தில் வெள்ளைப் பூஞ்சை படரும். பயப்படாதீர்கள், ஸ்பிரிங்டெயில் அதைத் தின்று பெருகும், பிறகு தவளை அவற்றைத் தின்னும்.

அந்த வாரங்களில் பழ ஈ வளர்க்கப் பழகுங்கள். பறக்காத மெலனோகாஸ்டர் வகை இரண்டு வாரத்தில் புது ஈக்களைத் தரும், பெரிய ஹைடி வகைக்கு இன்னும் அதிக நாள் வேண்டும். அதனால் வாரம் ஒரு புது ஜாடி தொடங்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் அடுத்த மாதம் தவளை பட்டினி. போடுமுன் ஈக்களைக் கால்சியம், டி3 கலந்த பொடியில் புரட்டுங்கள். கால்சியம் குறைந்தால் தவளைக்குக் கால் நடுங்கி இழுப்பு வரும். வைட்டமின் ஏ மாதம் ஒன்றிரண்டு முறை போதும்.

மஞ்சள் கறுப்பு லூகோமெலஸ் டார்ட் தவளையையும் நீலத்தையும் ஒரே பெட்டியில் விட்டால் அழகாக இருக்குமே?

வேண்டாம். இனம் கலந்து குட்டி வரும், ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றும், சண்டை வேறு. லூகோமெலஸ் மட்டும் கூட்டமாக வேண்டுமானால் பெரிய பெட்டியில் வையுங்கள். ஆண்கள் பறவை போலக் கூவுவதைக் கேட்க அவ்வளவு இதமாக இருக்கும்.

குளிருக்கு ஹீட்டர் வாங்க வேண்டுமா?

இங்கிலாந்து வீடுகளில் எனக்குக் குளிரை விட வெயில்தான் கவலை. 22 முதல் 26 டிகிரி வரை நல்லது, 30ஐத் தொட்டால் ஆபத்து. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. அப்படி ஒரு நாள் வந்தால் பெட்டியின் விளக்கை அணைத்து, வீட்டிலேயே குளிர்ந்த அறையில் தரையில் இறக்கி வையுங்கள். மேல் மூடியின் வலைப் பகுதிக்கு நேராகச் சிறு மின்விசிறி வைத்து நீர் தெளித்தால், ஆவியாகும்போது சில டிகிரி இறங்கும். வலையின் மேல் உறைந்த தண்ணீர்ப் போத்தலும் வைக்கலாம். தெளிக்க குளோரின் இல்லாத ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும்.

ஒருவர் அரிய தவளைகளைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். 2019 ஏப்ரலில் போகோட்டா விமான நிலையத்தில் 400க்கும் மேற்பட்ட தவளைகளைப் ஃபிலிம் டப்பாக்களில் அடைத்த நிலையில் பிடித்தார்கள். ஜெர்மனிக்குப் போகவிருந்தவை என்றார்கள், சில செத்துக் கிடந்தன. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. இதே கொலம்பியாவில் இவான் லோசானோ என்பவர் தெசோரோஸ் தெ கொலோம்பியா என்ற பண்ணையில் தவளைகளைச் சட்டப்படி இனப்பெருக்கம் செய்து ஏற்றுமதி செய்கிறார். கள்ளச் சந்தையை ஒழிப்பதே அவர் நோக்கம். டார்ட் தவளைகள், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. விற்பவரிடம் பெற்றோர்த் தவளைகளையும் முட்டைகளையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். காட்டினால், மூன்று நான்கு மாதமான குட்டியாகப் பார்த்து, அது உங்கள் கண் முன்னே ஈ பிடித்துத் தின்ற பிறகு பணத்தைக் கொடுங்கள்.