கோழி கூண்டில் அடையாமல் மரம் ஏறுகிறதா?

கேள்வி: என்னிடம் 24 சிறுவிடைக் கோழிகள் (உருவத்தில் சிறிய நாட்டு இனம்) இருக்கின்றன. பொழுது சாய்ந்தால் பாதிக்கு மேல் கூண்டில் அடையாமல் முருங்கையிலும் வேம்பிலும் ஏறிக்கொள்கின்றன. போன மாதம் மூன்றை மரநாய் தூக்கிவிட்டது. இறக்கையை வெட்டிவிடலாமா? குஞ்சு வியாபாரி, "இதுகளுக்குக் காட்டுப்புத்தி, விற்றுவிட்டு என்னிடம் நாட்டுக்கோழிக் குஞ்சு எடுங்கள்" என்கிறார்.
– ஒரு வாசகி, பழனி வட்டாரம்

பதில்: வெட்டாதீர்கள் அம்மா. இறகு மறுபடி முளைக்கும், கோழி மறுபடி ஏறும். அதுவரை பகலில் கீரி துரத்தினால் பறந்து தப்பவும் வழியில்லை. உயரத்தில் அடைவது கோழியின் பிறவிக் குணம். கூண்டுக்குள் மூன்றடி உயரத்தில் மூங்கில் கழி கட்டுங்கள். அப்புறம், தினமும் இருட்டுவதற்கு முன் ஒரே நேரத்தில் குருணையோ கம்போ உள்ளே மட்டும் வீசுங்கள்.

அந்தக் கைப்பிடித் தானியத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் திரிந்த சிவப்புக் காட்டுக்கோழி, நெல்லும் தினையும் விளைந்த இடம் தேடித் தானாகவே மனிதனிடம் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற அகழாய்வு இடத்தில் கிடைத்த வீட்டுக்கோழி எலும்புகள் கி.மு. 1650–1250 காலத்தவை. உங்கள் கோழிகளில் மஞ்சள் கால் உள்ளவை இருக்கும். அந்த நிறம் நம் மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழி கொடுத்தது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: எந்தக் கோழியின் முட்டையை அடை வைப்பது? ஸ்வீடனில் காட்டுக்கோழிகளை வளர்த்து, ஆளைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் இனம் பெருக்கினார்கள். சில தலைமுறைகளிலேயே உடல் பெருத்தது, முட்டையும் பெரிதானது. சாதுவான குணத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே அவ்வளவு பலன்! உங்களிடமும் காலடியில் வந்து குருணை பொறுக்கும் கோழி, முதல் ஆளாகக் கூண்டில் அடையும் கோழி இருக்கும். அவற்றின் முட்டையை மட்டும் அடை வையுங்கள். மரம் ஏறும் சேவலை முதலில் விற்றுவிடுங்கள். பிறக்கிற குஞ்சு ஒவ்வொன்றிலும் பாதி அதன் ரத்தம்தான். இன்குபேட்டர் வேண்டவே வேண்டாம். 21 நாள் அடைகாத்த தாய்தான் பொழுது சாய்ந்ததும் குஞ்சுகளைக் கூண்டுக்குக் கூட்டிப் போகும்.

வியாபாரி சொன்னதை நம்பாதீர்கள். நாட்டுக்கோழி என்று விற்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை கலப்பினம். முட்டை கூடுதலாக இடலாம், ஆனால் அடைக்கு உட்காருவது அரிது. ஒவ்வொரு முறையும் குஞ்சுக்கு அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

ருசி கண்ட மரநாய் திரும்ப வரும். கூண்டில் கை நுழையும் சந்து எங்கே இருந்தாலும் இன்றைக்கே கம்பிவலை போட்டு அடைத்துவிடுங்கள்.