மூன்றையும் ஒரே டிக்கெட்டிலா?

கேள்வி: நானும் மனைவியும் அடுத்த ஆண்டு நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். ஆறு நாள்தான் லீவு. அரோரா (துருவ வானத்தில் தெரியும் வண்ண ஒளி), நள்ளிரவுச் சூரியன், பனிக்கரடி மூன்றையும் பார்க்க எந்த சீசன் சரி? (டூர் கம்பெனி நோட்டீஸ் ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.)
- வாசகர், ஈரோடு

பதில்: மூன்றையுமா? அரோரா தெரிய இருட்டு வேண்டும். நள்ளிரவுச் சூரியன் இருக்கும் நாட்களில் இருட்டே கிடையாது. ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனில் ஏப்ரல் 20 வாக்கில் இருந்து ஆகஸ்ட் 20 தாண்டும் வரை சூரியன் மறைவதில்லை. அப்புறம் அக்டோபர் கடைசியில் போகும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் திரும்பும். ஆறு நாளில் இரண்டையும் பார்ப்பது நடக்காத காரியம். நீங்கள் அனுப்பிய நோட்டீஸில் ‘ஜூலை ஸ்பெஷல்’ என்று போட்டு மேலே பச்சை அரோரா, கீழே கரடி என்று ஒட்டி வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் மோசடி. இந்த விளம்பரங்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. ஏப்ரலோடு முடிந்துபோகும் ஸ்ரீநகர் டூலிப் பூக்களைக் காட்டி ஜூன் டூருக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று இதே பக்கத்தில் எழுதினேன், நமக்கு வந்துகொண்டிருந்த விளம்பரம் ஒன்று நின்றது. நிற்கட்டும். ஒரு குடும்பம் பல வருடம் சேர்த்த பணத்தை ஒரு படத்தை நம்பிக் கட்டுகிறது, அந்தப் படம் அந்த மாதத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு?

அரோரா மட்டும்தான் ஆசை என்றால் ஸ்வால்பார்ட் வரை ஏறவே வேண்டாம். இரவில் அரோரா அதிகம் தோன்றும் வளையம் நார்வேயின் வடகரையில் இருக்கும் ட்ரோம்சோவுக்கு மேலேயே வருகிறது, ஸ்வால்பார்ட் அதற்கும் வடக்கே தள்ளி இருக்கிறது. ஆனால் ட்ரோம்சோவில் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: டிசம்பரில் மதியம் பன்னிரண்டு மணிக்கும் கும்மிருட்டு என்பதால் பகல் அரோராவைப் பார்க்கலாம். பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் நிலா மறையாமல் வானத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கரடி விஷயத்துக்கு வருகிறேன். எந்த சீசனிலும் அதை யாரும் உறுதியாகக் காட்ட முடியாது. காட்டுகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். தேடிப்போய்த் தொந்தரவு செய்வது அங்கே குற்றம். 2025 தொடக்கத்திலிருந்து 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். குகையை விட்டுத் தாயும் குட்டிகளும் வெளியே வரும் காலம் அது. சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் சிலர் இதை எதிர்த்தார்கள். எனக்கு இந்தச் சட்டம் முழுக்கச் சம்மதம். பைனாகுலர் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் எல்லை தாண்டினால் கரடியை விரட்ட வழியும் துப்பாக்கியும் தேவை, அதனால் வழிகாட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஜூலையில் போனால் ஐந்தாறு டிகிரி குளிர், படகுப் பயணம், பாறையிடுக்கில் பூக்கள். சாலையோரமே கூடு கட்டும் ஆர்க்டிக் ஆலாக்கள் பக்கத்தில் போனால் தலையில் கொத்த வரும்; ஒரு குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் குச்சி நுனியைக் கொத்திவிட்டுப் போய்விடும். நல்ல சீசன்தான், மறுக்கவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் மார்ச் முதல் வாரம். பிப்ரவரியிலேயே சூரியன் அடிவானத்துக்கு மேலே வந்துவிட்டாலும் தெற்கே மலை மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழுவது மார்ச் 8 வாக்கில்தான். அன்று பழைய மருத்துவமனையின் படிக்கட்டில் ஊரே கூடும். குழந்தைகள் முகத்தில் மஞ்சள் சூரியனை வரைந்துகொண்டு, வா வா என்று பாடிக் கூப்பிடுவார்கள். மதியம் ஒரு மணிக்குச் சற்று முன்னால் அந்தப் படியில் வெயில் வந்து விழும். நான்கு மாதம் வெயிலைப் பார்க்காத ஊர் அது! பகலில் ஸ்னோமொபைலும் நாய் வண்டியும் ஓடும், இரவு அரோராவுக்குப் போதுமான இருட்டும் இருக்கும். மைனஸ் 15, 20 எல்லாம் சகஜம், கம்பளி உள்ளாடையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இருட்டுக் காலத்தை ஒதுக்குவது நம் எல்லோருக்கும் பழக்கம். அதே தீவில் நி-ஆலசுண்டில் நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008-ல் திறந்தது. நம் விஞ்ஞானிகள் குளிர்கால ஆய்வுக்கென்று முதன்முதலாகப் போனது 2023 டிசம்பரில். உலகின் மற்ற இடங்களைவிட ஆர்க்டிக் வேகமாகச் சூடாகிறது, அதிலும் குளிர்காலத்தில்தான் அதிகம். அந்தக் காலத்து அளவீடு இல்லாமல் பாதிப் படம்தான் கிடைக்கும். இப்போதாவது போனார்களே என்று எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. இதற்கு நம் பத்திரிகைகள் இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம். 1920-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தால் ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை. ஆனால் ஆஸ்லோ வழியாகப் போய்த் திரும்ப, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். தீவுக்குப் போவது ஷெங்கனை விட்டு வெளியே போவதாகக் கணக்கு. ஒருமுறை நுழையும் விசா வாங்கிவிட்டுத் திரும்பும்போது மாட்டிக்கொள்ளாதீர்கள், விண்ணப்பத்திலேயே மல்டிபிள் என்ட்ரி கேளுங்கள். மார்ச் 8 வாரம் அங்கே திருவிழா, ரூமை முதலில் போட்டுவிடுங்கள்.