அறுகம்பைக்கு ஏழு பேர்: முழுக் காசையும் முன்கூட்டிக் கேட்கும் பேக்கேஜை நம்பலாமா?

கேள்வி: நாங்கள் ஏழு நண்பர்கள், ஐந்து ஆண்கள், இரண்டு பெண்கள். களுவாஞ்சிகுடி, கல்முனை, மட்டக்களப்பு ஆட்கள். ஆகஸ்டில் ஒரு வார இறுதிக்கு அறுகம்பை போய் சேர்ஃபிங் பழகி, இரவில் கொஞ்சம் ஆட்டம் பாட்டம் என்று இருக்க ஆசை. ஒருவருக்கும் அலையில் ஏறிப் பழக்கமில்லை. மூன்று பேருக்கு நீச்சலே அரைகுறை. வான், ரூம், இரண்டு நாள் வகுப்பு, வெள்ளி சனி இரண்டு இரவும் பார்ட்டி என்று எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகத் தருவதாக முகநூலில் ஒருவர் சொல்கிறார். முழுக் காசையும் முதலே வங்கியில் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள் தம்பி. ஆள் கள்ளனா நல்லவனா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பேக்கேஜ் கட்டப்பட்ட விதமே பிழை. வெள்ளி இரவு பார்ட்டி, சனி காலை வகுப்பு என்று எழுதுகிற ஆளுக்கு ஒன்று கடல் தெரியாது, அல்லது உங்களைப் பற்றி அக்கறை இல்லை.

மாதம் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் காலத்தில் தெற்குப் பெருங்கடலில் கிளம்பும் அலை நம் கரைக்கு வந்து சேரும். காற்றோ கரையிலிருந்து கடல் பக்கமாக அடிக்கும். அதனால்தான் ஏப்ரல் கடைசி தொடங்கி ஒக்டோபர் வரை அறுகம்பை அறுகம்பையாக இருக்கிறது. வாடை தொடங்கினால் மழையும் கலங்கல் தண்ணீரும்தான். ஆனால் சோளகக் காலத்திலும் நாளுக்கு ஒரு கணக்கு உண்டு. விடிந்து ஆறு மணிக்குக் கடல் பாயை விரித்தது போலக் கிடக்கும். பத்து, பதினொரு மணி தாண்டினால் கடற்காற்று ஏறி அலையின் முகத்தைக் கிழித்துவிடும். பழகினவனுக்கே அப்போது சலிப்பு வரும், புதியவன் தண்ணீர் குடித்துவிட்டுக் கரைக்கு வருவான். ஆக, உங்களுக்கு உள்ள நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. இரவு மூன்று மணிக்குப் படுத்த ஆள் ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது. வாயில் சாராய வாடையோடு வகுப்புக்கு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காசைத் திருப்பிக் கொடுத்தும் அனுப்பியிருக்கிறேன்.

ஒழுங்கை இப்படி மாற்றிப் போடுங்கள். வெள்ளி மாலை வந்து சேருங்கள், சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். சனி காலை வகுப்பு. மத்தியானம் உறக்கம். சனி இரவு உங்கள் இரவு. ஞாயிறு காலை, குடிக்காதவர்கள் மட்டும் இன்னொரு தடவை இறங்கலாம். மற்றவர்கள் மணலில் இருந்து படம் எடுக்கலாம்.

எந்த இடம் என்பது அடுத்தது. அறுகம்பைக்கு ஊர்ப் பேர் உல்லை; அந்த வளைகுடாவின் தெற்கு முனையில் இருப்பது மெயின் பொயின்ட். 2019இல் உலக சேர்ஃப் லீக் போட்டி நடந்த அலை அது, அடியில் பாறை. நீங்கள் அதைக் கரையிலிருந்து பாருங்கள், அழகு. அதற்கு உள்பக்கம் இருக்கும் சின்ன அலைக்கு பேபி பொயின்ட் என்று பேர். அந்தப் பேரைக் கேட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். அலை சின்னதுதான், ஆனால் ஆகஸ்டில் ஒரே அலையில் பத்துப் பேர் ஏறுவார்கள், கீழே மணலோடு பாறையும் கலந்து கிடக்கும். ஏழு புதியவர்கள் ஒன்றாக இறங்க நான் சொல்லும் இடம் விஸ்கி பொயின்ட். பொத்துவிலுக்கு வடக்கே, ஓட்டோவில் 20 நிமிடம் போல. அலை சோம்பலாக உருளும், உள்பக்கம் மணல் தரை. தெற்கே பாணமை வீதியால் போனால் யானைப்பாறை, பீனட் ஃபாம் இரண்டும் உண்டு. அவையும் நல்லவை. பொழுது சாய்ந்தபின் அந்த வீதியில் யானை நிற்கும், அதனால் காலையில் போய் வெளிச்சத்தோடு திரும்புங்கள்.

இப்போது தரகர் விஷயம். இதை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

பேக்கேஜ்காரருக்கு வானும் இல்லை, ரூமும் இல்லை, போர்டும் இல்லை. உங்கள் காசை வாங்கி, நான்கு பேரிடம் பேரம் பேசி, மிச்சத்தைப் பையில் போடுவார். பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது வகுப்பு. மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர் என்று சொல்லியிருப்பார். கடற்கரையில் பார்த்தால் ஏழு பேருக்கும் ஒரு பையன், அவனும் போன கிழமைதான் பழகியவன். போர்டை அக்குளில் இடுக்கினவன் எல்லாம் இங்கே 'சேர்ஃப் மாஸ்டர்'. யார் கற்றுக்கொடுக்கலாம், யார் கூடாது என்று ஒரு பலகையைக் கடற்கரையில் நட எத்தனை கூட்டம் கூடினார்கள் என்று கேட்காதீர்கள். தேநீரும் வடையும் நன்றாக இருந்தது.

ஒரு முறை இப்படி ஏமாந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானே ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பற்றுச்சீட்டு எங்கே என்றார்கள். தரகர் எந்தக் காலத்தில் பற்றுச்சீட்டு எழுதினார்? வட்ஸ்அப் செய்தியைக் காட்டினோம். அந்த ஆள் பதிவு செய்தவர் இல்லையாம், ஆகவே அவர் மேல் முறைப்பாடு எடுக்க வழியில்லையாம். அப்படியென்றால் பதிந்தவன் மேல்தான் முறைப்பாடு எடுப்பீர்கள், பதியாமல் கொள்ளையடித்தால் தப்பிக்கலாம் என்றேன். அடுத்த கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

ஆகவே எல்லாவற்றையும் பிரித்துக் கட்டுங்கள். வான் உங்கள் ஊரிலேயே பிடியுங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று ஒரே வீதி, 110 கிலோமீற்றர் அளவில். நடுவில் யாரும் தேவையில்லை. ரூமுக்கு நேரடியாக அழைத்து, ஓர் இரவுக் காசை மட்டும் முற்பணமாகக் கொடுங்கள். அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே 'நாங்கள் உள்ளூர் ஆட்கள், ஆண் பெண் கலந்த குழு' என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவருக்கு மட்டும்தான் ரூம் என்று சொல்லும் இடங்கள் நம் சொந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. எனக்கு அதில் உள்ள எரிச்சலை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. இரவு பத்து மணிக்கு வாசலில் நின்று தெரிந்துகொள்வதை விட, தொலைபேசியில் தெரிந்துகொள்வது நல்லது. வகுப்புக் காசை வகுப்பு முடிந்தபின், கற்றுக்கொடுத்தவரின் கையிலேயே கொடுங்கள்.

போர்ட் வாடகைக்கு எடுக்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. திருப்பிக் கொடுக்கையில் 'இந்த வெடிப்பு நீ போட்டது' என்று காசு கேட்பார்கள். எடுக்கும் முன் போர்டைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளங்கையால் விளிம்பு முழுக்கத் தடவுங்கள். பிளவு இருந்தால் கண்ணுக்கு முன் கைக்குத் தெரியும். போர்டின் அடியில் இருக்கும் துடுப்பை அசைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. காலில் கட்டும் வார் போர்டோடு சேரும் இடத்தில் கயிறு நைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கைபேசியில் ஒரு நிமிடக் காணொளி எடுங்கள், கடைக்காரரின் முகமும் அதில் விழட்டும். அப்படி எடுத்த நாளில் ஒரு வெடிப்பும் 'புதிதாக' வராது, பாருங்கள். புதியவர்களுக்கு எட்டு ஒன்பது அடி நீளமான, மேலே மென்மையான நுரைப் போர்ட்தான் வேண்டும். பளபளவென்று குட்டையான ஒன்றைக் காட்டி 'இது நல்லது தம்பி' என்றால் அது அவருக்கு நல்லது.

நீச்சல் அரைகுறை என்ற மூவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலில் கட்டும் வாரும் போர்டும் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், வார் அறும். அவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில், அலை உடைந்து வரும் வெள்ளை நுரையில் மட்டும் பழகட்டும். முதல் நாளுக்கு எல்லோருக்குமே அதுதான் பாடம். விழும்போது தட்டையாக விழுங்கள், தலைகீழாகப் பாயாதீர்கள். மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள், போர்ட் உங்கள் தலைக்கு மேல்தான் மிதந்துகொண்டிருக்கும். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் போர்டை வைக்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள். கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்ட வேண்டாம். போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவை விட்டபின் திரும்புங்கள். இன்னும் நாள் இருக்கிறதுதானே, இரண்டு ஞாயிறு அந்த மூவரும் பாசிக்குடாவுக்குப் போய் வரட்டும். தூரம் வரை நடந்து போகலாம், அலையும் இல்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கும் பயமாவது போகும்.

பெண்கள் இருவருக்கும் பெண் பயிற்றுநர் வேண்டுமென்றால் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. 2018இல் இங்கேயே பெண்களுக்கென்று ஒரு சேர்ஃப் கழகம் தொடங்கி, உள்ளூர்த் தாய்மாரே அலையில் ஏறிவிட்டார்கள். நீளக் கை டீசேர்ட்டும் முழங்கால் மூடும் இறுக்கமான காற்சட்டையும் எல்லோருக்கும் போதும். வெயிலுக்கும் நல்லது, போர்ட் உரசி நெஞ்சும் வயிறும் தோலுரியாமலும் இருக்கும். பொத்துவில் கடைத்தெருவுக்குப் போகும்போது மேலே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், அது பெரும்பாலும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்.

இரவு. உல்லைப் பிரதான வீதியிலும் கடற்கரையிலும் ஒவ்வொரு நாள் ஒவ்வோர் இடத்தில் இசை ஓடும். எது என்று ஊரில் வந்து கேட்டால் தெருவில் போகிற பையனே சொல்வான். முன்கூட்டி டிக்கெட் விற்கிறவரிடம் வாங்க வேண்டியதில்லை. எந்த வார இறுதியும் சரி, போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, விழுகிற வார இறுதி தவிர. இதைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருடா வருடம் ஆட்கள் இதிலேயே விழுகிறார்கள். போயா அன்று நாடு முழுக்க மது விற்பனை தடை. போயா சனிக்கிழமை என்றால் உங்கள் இரவு போச்சு. ஞாயிறு என்றால் சனி நள்ளிரவோடு கடை மூடும், பன்னிரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும் இடத்தில் பன்னிரண்டு மணிக்கு விளக்கணைப்பார்கள். வெள்ளியோ திங்களோ என்றால் நீண்ட விடுமுறை; கொழும்பே இறங்கி வரும், ரூம் விலை ஏறும், பேபி பொயின்டில் தண்ணீரை விடத் தலைகள் அதிகம் தெரியும். 'முழுநிலா பார்ட்டி' என்று படம் போட்டு விற்கிறார்களே, நம் நாட்டில் முழுநிலா என்றால் என்ன நாள்? அதைக் கூட யோசிக்காமல் காசு கட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். அன்று போத்தல் ஒளித்துத் தருவேன் என்று இரட்டை விலை கேட்பவரும் வருவார். பொலிஸ் வந்தால் அவர் இருக்கமாட்டார், நீங்கள் இருப்பீர்கள். மறுபக்கம், உங்களில் யாருக்காவது குடியும் ஆட்டமும் முக்கியமில்லை, அலைதான் முக்கியம் என்றால் வார நடுவில் வரும் போயாவைப் போல நல்ல நாள் கிடையாது. முதல் நாள் இரவு எல்லோரும் நேரத்தோடு படுப்பார்கள், காலையில் பயிற்றுநர்களும் தெளிவான கண்ணோடு வருவார்கள். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

அடையாள அட்டையை எல்லோரும் கையில் வைத்திருங்கள். 2024 ஒக்டோபரில் இங்கே தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்ட பிறகு இங்கே பாதுகாப்பு இறுகியது. கஞ்சா, குளிசை என்று காதுக்குள் வந்து பேசுகிறவனிடம் 'வேண்டாம்' என்று ஒரே சொல்லோடு நடந்துவிடுங்கள், விலை கேட்டுப் பேச்சை வளர்க்காதீர்கள். இரவு விஸ்கி பொயின்ட் பக்கம் போவதானால் திரும்பி வரும் ஓட்டோவைப் போகும்போதே பேசி, ஓட்டுநரின் இலக்கத்தை இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள். வான் சாவி குடிக்காத ஒருவரிடம். இரவில் கடலில் குளிக்க வேண்டாம், இதற்கு விதிவிலக்கே இல்லை.

பாறைப் பக்கம் கால் வைத்துக் கடல் முள்ளெலி குத்திவிட்டால் கல்லால் தட்டி முள்ளை நொறுக்குகிற வைத்தியம் வேண்டாம். கால் பொறுக்கிற வெந்நீரில் வைத்திருந்து, வெளியே தெரியும் முள்ளைச் சாமணத்தால் எடுங்கள். ஆழமாகப் போனதும் மூட்டுக்குப் பக்கத்தில் உள்ளதும் ஆஸ்பத்திரிக்கு.

கடைசியாக, அந்த முகநூல் ஆளிடம் மூன்று கேள்வி எழுதிக் கேளுங்கள். வகுப்பு எந்தப் பொயின்டில், எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு ஒரு பயிற்றுநர்? பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், வாசிக்க ஆசையாக இருக்கிறது.