‘வலியுறுத்தி வருகின்றனர்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

மாற்றம் வேண்டும் என்று ஒருவர் விடாமல் கேட்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஆஸ்க்’, ‘டிமாண்ட்’ தவிர எதுவும் கைக்கு வருவதில்லை, வேறு என்ன சொற்கள் உண்டு என்பது கேள்வி.

தமிழில் இதற்கு நாம் துணைவினையை நம்புகிறோம். ‘கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்’ என்போம். செய்தி நடையில் ‘வலியுறுத்தி வருகின்றனர்’. எந்த வினையாக இருந்தாலும் அந்த ‘கொண்டே இரு’வும் ‘வா’வும் விடாப்பிடியைக் கொண்டுவந்துவிடும். ஆங்கிலத்தில் வினையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிகிறது. மீதியை வினையின் காலம் (டென்ஸ்) பார்த்துக்கொள்ளும். ‘வலியுறுத்தி வருகின்றனர்’ என்பதற்கு மிக அருகில் வருவது ‘தே ஹேவ் பீன் பிரஸ்ஸிங் ஃபார்’.

இதில் ‘ஃபார்’ என்ற சின்னச் சொல்லை நான் முக்கியமாக நினைக்கிறேன். கேட்டது இன்னும் கிடைத்ததாக அது சொல்லவில்லை. ‘தே புஷ்ட் ஃபார் ரிஃபார்ம்’ என்றால் சீர்திருத்தத்துக்காக முட்டி மோதினார்கள், அவ்வளவுதான். நடந்ததா என்று தெரியாது. ‘தே புஷ்ட் த்ரூ த ரிஃபார்ம்’ என்றால் எதிர்ப்பையும் மீறி நிறைவேற்றிவிட்டார்கள். வினை ஒன்றே, கூட வரும் சொல் மாறியதும் கதையின் முடிவே மாறிவிடுகிறது.

சரி, எதை எங்கே போடுவது? தலைப்புச் செய்திகளில் அதிகம் பார்க்கும் ‘கால் ஃபார்’, ஒரே ஓர் அறிக்கை விட்டாலே பொருந்திவிடும். தொடர்ச்சி அதில் தானாக வராது. ‘ஹேவ் பீன் காலிங் ஃபார்’ என்று நீட்ட வேண்டும். ‘புஷ் ஃபார்’ உழைப்பைக் காட்டும், பேச்சிலும் இயல்பாக வரும். ‘பிரஸ் ஃபார்’ கொஞ்சம் எழுத்து நடை. ‘லாபி ஃபார்’ சட்டம் இயற்றுபவர்களையும் அதிகாரத்தில் இருப்பவர்களையும் குறிவைப்பது. சட்டமன்றத்தின் முன்கூடத்தில் உறுப்பினர்களைப் பிடித்துப் பேசியதிலிருந்து வந்த சொல். ‘ஹோல்ட் அவுட் ஃபார்’ எனக்கு மிகவும் பிடித்தது. குறைவாகக் கொடுப்பதை வாங்க மறுத்து, கேட்டது கிடைக்கும்வரை நின்ற இடத்திலேயே நிற்பது. பேச்சுவார்த்தை நடக்கும் இடத்தில் இதைவிடச் சரியான சொல் கிடைக்காது.

ஒரு வரலாற்று உதாரணத்தில் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் மனுவை, தத்துவவாதியும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் 1866-ல் நாடாளுமன்றத்தில் அளித்தார். அந்த ஒரு செயலுக்கு ‘பெட்டிஷன் ஃபார்’ போதும். அதன்பின் பல பத்தாண்டுகள் அமைப்பாகத் திரண்டு நடத்திய போராட்டத்துக்கு ‘கேம்பெயின் ஃபார்’தான் பொருந்தும், அங்கே ‘கால்ட் ஃபார்’ என்று எழுதினால் அத்தனை பேரின் உழைப்பும் ஓர் அறிக்கையாகச் சுருங்கிவிடும். 1918-ல் 30 வயதைத் தாண்டிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு மட்டும் உரிமை கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாக வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. ‘தே கெப்ட் பிரஸ்ஸிங் ஃபார் ஈக்வல் டெர்ம்ஸ்’ என்று எழுதலாம். அது 1928-ல் கிடைத்தது.

அப்புறம், ‘ஹார்ப் ஆன்’ என்று ஒன்று இருக்கிறது. இதுவும் திரும்பத் திரும்பச் சொல்வதுதான், ஆனால் கேட்பவருக்குச் சலிப்புத் தட்டிவிட்டது என்பதும் சேர்ந்தே வரும். ஆதரிப்பவர் ‘கீப்ஸ் புஷிங் ஃபார்’ என்று எழுதும் அதே ஆளை எதிர்ப்பவர் ‘கீப்ஸ் ஹார்ப்பிங் ஆன்’ என்பார். நியாயம் கேட்டு நிற்பவர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் தெரியாமல்கூட உள்ளே வந்துவிடக் கூடாது.

நீங்கள் குறிப்பிட்ட ‘டிமாண்ட்’ வினையாக வரும்போது ‘ஃபார்’ சேராது. ‘தே டிமாண்டட் சேஞ்ச்’ சரி, ‘டிமாண்டட் ஃபார் சேஞ்ச்’ தவறு. பெயர்ச்சொல்லானால் ‘தெயர் டிமாண்ட் ஃபார் சேஞ்ச்’ என்று வரும். ‘ரிக்வெஸ்ட்’டுக்கும் இதே விதிதான்.