சின்ன நாடகக் குழுவுக்கு ஆள் வரவேண்டுமென்றால் முதலில் ஓசிப் பாஸை நிறுத்துங்கள்

கேள்வி: பெரிய நகரத்தில் பத்துப் பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு சின்ன நாடகக் குழு நடத்துகிறோம். பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் ஆள் வருவதில்லை. எப்படி விளம்பரம் செய்வது, யாரிடம் ஆதரவு கேட்பது?

இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் எந்த ஊர் என்று சொல்லவில்லை. எந்த ஊராக இருந்தாலும் உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். ஒத்திகை யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் நடந்திருக்கும். அரங்க வாடகையை இரண்டு மூன்று பேர் சம்பளத்திலிருந்து போட்டிருப்பீர்கள். மிச்சமான பாஸ் கட்டைத் தூக்கிப் போட மனசு வராமல் பையிலேயே வைத்திருப்பீர்கள். எங்கள் வீட்டு பீரோவில் அப்படி ஒரு கட்டு இன்னும் இருக்கிறது.

நான் வேலூர். டிடிபி கடை, நோட்டீஸ் அச்சடிப்பு. பதினோரு வருடமாக ஒரு சின்னக் குழுவோடு இருக்கிறேன். மேடை ஏறியது இரண்டே முறை. விளம்பரம், டிக்கெட், நாற்காலி, டீ எல்லாம் என் பொறுப்பு. நாடகம் படித்தவன் இல்லை. "வேலூரையும் சென்னையையும் ஒன்றாகப் பேசலாமா" என்று யாராவது கீழே வந்து கேட்பார்கள், கேட்கட்டும். சென்னையில் எழும்பூர் மியூசியம் தியேட்டர், அலியான்ஸ் பிரான்சேஸ் என்று நாடகத்துக்குப் பழகிய இடங்கள் உண்டு. அங்கே வந்து உட்காரப் பழகிய ஒரு கூட்டமும் உண்டு. எங்களுக்கு அது கிடையாது. ஒன்றும் இல்லாத இடத்தில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் முதல் நாடகத்துக்கு 400 பாஸ் அடித்தேன், என் கடையிலேயே, நல்ல அட்டையில். லாங் பஜார் கடைகள், கல்லூரி வாசல், தெரிந்த டீக்கடை என்று எல்லா இடத்திலும் கொடுத்தோம். வாங்கிய எல்லாரும் "கண்டிப்பா வரேன்" என்றார்கள். மாலை 6.30க்கு நாடகம். அந்த நேரத்துக்கு மண்டபத்தில் இருந்தது தொண்ணூறு பேர். அதுவே எங்களுக்குப் பெரிய கூட்டம், அப்போதே ஆரம்பித்திருக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று காத்திருந்தோம். அவர் 7.50க்கு வந்தார். வரவேற்புரை, குத்துவிளக்கு, பதினோரு பேருக்குப் பொன்னாடை, அப்புறம் அவர் பேச்சு. நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேசி முடித்ததும் "இன்னொரு நிகழ்ச்சி இருக்கு" என்று எழுந்தார். அவரோடு முன்வரிசை முழுக்க எழுந்து போனது. திரை விலகும்போது மணி 8.35.

காட்பாடி, பாகாயம் பக்கம் போகிறவர்களுக்கு பஸ் கவலை. ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடைசிக் காட்சியில் தாயாக நடித்த பெண் காலிக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நிற்க வேண்டும். இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த மௌனம் அது. அந்த மௌனத்தில் மண்டபத்து ஆள் பின்னாலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். டப், டப், டப் என்று ஏழெட்டுச் சத்தம். அந்தப் பெண் அசையவில்லை. சத்தம் நிற்கும்வரை நின்றுவிட்டு வசனத்தைச் சொன்னாள். எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் குழுவில் சிறப்பு விருந்தினர் கிடையாது, பொன்னாடை கிடையாது. யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

அந்த இருபத்து மூன்று பேரில் என் பெரியப்பாவும் ஒருவர். செய்யாறு பக்கத்துக் கிராமம். முப்பது வருடம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம், அதாவது கதை சொல்லிச் சிரிக்கவும் வைக்கிற வேஷம், கட்டியவர். கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "கூப்புடாத வூட்டுல போயி ஆடுனா எவன்டா பாப்பான்? ஊரு கூப்புடணும்டா."

எனக்கு அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் முழு விஷயமும். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா வைத்தால் பகலில் மகாபாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் சாகிற படுகளம், தீமிதி. கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, தானாக வந்து நிற்காது. ஊர்ப் பெரியவர்கள் தாம்பூலத்தில் முன்பணம் வைத்துக் கொடுத்து நாள் குறிப்பார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு வீடு வீடாக வசூல் பண்ணுவார்கள். வரி கொடுத்தவன் கூத்துக்கு வராமல் இருப்பானா? அவன் காசு அங்கே ஆடுகிறது. நடு ராத்திரியில் யாராவது பத்து ரூபாய் கொடுத்தால்கூட, கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பேரைச் சொல்லி, அவர் பிள்ளை குட்டிகளையும் சேர்த்து வாழ்த்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். விளம்பரமும் ஆதரவும் அங்கே ஒன்றுதான்.

எழுத்தாளர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அங்கே கூத்து சொல்லிக் கொடுத்தவர் புரிசை கண்ணப்பத் தம்பிரான். புரிசை எங்கள் பழைய வட ஆற்காட்டு ஊர், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். நகரத்து நாடகக்காரர்கள் கூத்திலிருந்து அடவை எடுத்துக்கொண்டோம், பாட்டை எடுத்துக்கொண்டோம். ஊர் அழைத்து ஆடுகிற அந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டோம். இது என் வருத்தம், யாரையும் குறை சொல்லவில்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? சாத்துவாச்சாரியில் ஒரு நகர் நலச் சங்கத்துக்குப் போனோம். "நாடகம் போடுகிறோம், வாருங்கள்" என்று சொல்லவில்லை. "உங்கள் நகருக்கு நாடகம் வேண்டுமென்றால் அழையுங்கள், வீட்டுக்கு நூறு ரூபாய் போடுங்கள்" என்று கேட்டோம். முதல் கூட்டத்தில் சிரித்தார்கள். மூன்றாவது முறை போனபோது ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா எழுந்து, "பிள்ளையார் ஊர்வலத்துக்குக் கொடுக்கறோம், இதுக்குக் கொடுத்தா என்ன?" என்றார். அவரே நோட்டும் பேனாவுமாகக் கிளம்பிவிட்டார். நாற்பத்தாறு வீடு, 4,600 ரூபாய். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். பூங்காவில் ஜமக்காளம் விரித்து ஆடினோம். ஒருவரும் பாதியில் எழுந்து போகவில்லை. முடிந்ததும் எங்கள் ஆள் ஒருவர் அந்த நாற்பத்தாறு வீட்டுப் பேரையும் படித்தார். தன் பேர் வந்ததும் ஒவ்வொருவரும் தலையை நிமிர்த்திய விதம் என் கண்ணிலேயே நிற்கிறது. அந்த வருடம் அதே போல இன்னும் மூன்று அழைப்பு வந்தது.

அரங்கத்தில் போடும்போது டிக்கெட் 50 ரூபாய், இப்போது 100. பாஸே கிடையாது, எங்கள் வீட்டாருக்கும் கிடையாது. "சாதாரண ஜனத்திடம் காசு கேட்பதா" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இல்லாதவர் யார் என்று எங்களுக்குத் தெரியும், அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். நான் சொல்வது சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய் ஆயிரம் செலவழித்துவிட்டு நம்மிடம் "ரெண்டு பாஸ் இருக்கா?" என்பவர்களை. டிக்கெட் 500 ரூபாய்க்குள் இருந்தால் நாடகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் அந்தப் பயமும் வேண்டாம். நாடகம் முடிகிற நேரத்தைக் கடைசி பஸ்ஸைப் பார்த்து வையுங்கள். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸுகள் நிறைய. அவர்களில் சிலரிடம் ஷிப்ட் நேரம் கேட்டுத்தான் ஞாயிறு நாலு மணி என்று மாற்றினோம். அரங்கம் பாதியாவது நிறைய ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிற வங்காளிகள் காந்தி ரோடு லாட்ஜுகளில் வாரக் கணக்கில் தங்குவார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு லாட்ஜ் வாசலில் எங்கள் நோட்டீஸில் முகத்தில் அரிதாரம் பூசிய படத்தைப் பார்த்துவிட்டு, வயதான ஒருவர் மனைவியோடு தேடிக்கொண்டு வந்தார். "நாட்டோக்?" என்றார். ஆமாம் என்றேன். தமிழ் புரியாதே என்று அரைகுறை இந்தியில் சொல்லிப் பார்த்தேன், பாஸ் போல சும்மா உள்ளே விடலாம் என்றும் நினைத்தேன். அவர் கேட்கவில்லை. இருநூறு ரூபாயை என் கையில் வைத்து, டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அந்தம்மா கையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் அசையாமல் பார்த்தார்கள். போகும்போது எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தொட்டு ஏதோ சொன்னார். கொல்கத்தாவில் சம்பு மித்ரா பஹுரூபி குழுவைத் தொடங்கியது 1948. சின்னக் குழு நாடகத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அங்கே தலைமுறைப் பழக்கம். அந்தப் பழக்கத்தை நம் ஊரில் நாம்தான் உண்டாக்க வேண்டும், வேறு யாரும் வந்து செய்து தரமாட்டார்கள்.

இன்னொன்று, இடம் கேட்டுப் போனால் "போலீஸில் ஸ்கிரிப்ட் காட்டினீங்களா?" என்று பயமுறுத்துவார்கள். 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டம் அப்படித்தான் இருந்தது. பரீக்ஷா நாடகக் குழு நடத்திய எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் திறந்தவெளியில் மைக் வைத்தால் அதற்கு அனுமதி வாங்குங்கள், ராத்திரி 10 மணிக்கு மேல் கூடாது. எங்களை ஒருமுறை பாதியில் நிறுத்தினார்கள். அனுமதிக் கடிதம் கையில் இல்லாதது எங்கள் தப்பு.

நோட்டீஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். இப்போது எல்லாரும் போனிலேயே டிசைன் பண்ணி வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்கள். முந்நூறு பேருக்குப் போகிறது, மூன்று பேர்கூடப் படிப்பதில்லை. தமிழில் ஒற்றுப் பிழை இல்லாத ஒன்றைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! கல்யாணப் பத்திரிகையில்கூட "வாழ்த்துகள்" எப்படி எழுதுவது என்று என்னிடம் சண்டை போட்டுவிட்டு, தப்பாகவே அடிக்கச் சொல்கிறார்கள். முப்பது வருடத் தொழில், மனசு வலிக்கிறது. அச்சடித்த நோட்டீஸை ஒருவர் கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்து "ஞாயிற்றுக்கிழமை வாங்கண்ணே" என்று சொன்னால் பத்தில் இரண்டு பேராவது வருகிறார்கள். இது நான் வாசலில் நின்று எண்ணிய கணக்கு.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதுங்கள். வேலூர், ராணிப்பேட்டை, ஆரணிப் பக்கம் என்றால் உங்கள் அடுத்த நாடகத்துக்கு நோட்டீஸ் நான் அடித்துத் தருகிறேன், காகித விலை மட்டும் கொடுத்தால் போதும். எனக்கும் பெரியப்பாவுக்கும் இரண்டு டிக்கெட் எடுத்து வையுங்கள். காசை வாசலில் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.