"தேய்ந்துவிட்டது" என்ற சொல்லில்தான் சிக்கல்

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது, பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். முழங்கால் வலிக்கு வைத்தியசாலையில் பயிற்சி சொல்லி, சிங்களத்தில் ஒரு தாளும் கொடுத்தார்கள். "சரி மிஸ்" என்று தலையாட்டிவிட்டு வந்தவர் வீட்டில் எதுவும் செய்வதில்லை. சம்பளத்தன்று லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வரும் ஒருவர் காந்தப் பட்டி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அம்மாவைத் திட்டவும் வேண்டாம். கிளினிக்கில் "மூட்டு தேய்ந்துவிட்டது" என்று சொல்லியிருப்பார்கள். தேய்ந்ததை அசைத்தால் மிச்சமும் போய்விடும் என்று அவர் பயந்திருப்பார். இந்த ஒரு சொல்லுக்காகவே காலை மடக்காமல் விட்டவர்களை ஒரு பிசியோவாக (இயன்மருத்துவராக) நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூட்டில் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. காலை மடக்கி நீட்டினால்தான் மூட்டுநீர் உள்ளே போய் அதற்கு ஊட்டம் கொடுக்கும். இதை அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

"விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள், "ம்" என்றுதான் பதில் வரும். "மிஸ் சொன்னதைச் செஞ்சு காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். நாங்கள் கிளினிக்கிலேயே கேட்டிருக்க வேண்டியது இது.

தாளில் பெரும்பாலும் இந்தப் பயிற்சி இருக்கும்: காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துவாயை வைத்துக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்த வேண்டும். பத்துத் தடவை. காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகுமுன் ஒருமுறை, மாலையில் தேத்தண்ணி குடித்த பிறகு ஒருமுறை. கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் வீக்கம் கூடினால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சரிவில் இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வைக்கச் சொல்லுங்கள்.

இனிப் பட்டிக்காரர். நம்மவர்கள் சதை, தசைநார், இரத்தக் குழாய் எல்லாவற்றையும் "நரம்பு" என்றே சொல்வோம். அதைப் பிடித்துக்கொண்டு "நரம்பு அடைச்சிருக்கு, விட்டால் கால் போயிரும்" என்று பயமுறுத்திப் பணத்தைக் கறக்கிறார்கள். காந்தத்தால் தேய்மானம் ஆறாது. தவணைக்குத் தந்தாலும், வெள்ளைக் கோட்டுப் போட்டு வந்தாலும் வாங்காதீர்கள். பிசியோ என்று சொல்லிக்கொண்டு வந்தால் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த அத்தாட்சியைக் காட்டச் சொல்லுங்கள். அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணமே இல்லை.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். நாள் முழுக்க மலையில் நின்றால் முழங்கால் லேசாகச் சுடும், அது வேறு. இரண்டு முழங்காலிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்து, சிவந்து வீங்கி, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், அல்லது மடக்கவே விடாமல் வலித்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள், இரவானாலும். பயிற்சி வேண்டாம், எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், வலி மாத்திரை கொடுத்து விடியும்வரை பார்க்கவும் வேண்டாம். மூட்டுக்குள் கிருமி போயிருந்தால் சில நாளிலேயே மூட்டு பழுதாகிவிடும்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. இன்னும் பொகவந்தலாவை அம்மாவுக்குச் சிங்களத் தாள்! கிளினிக் போனால் ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போகிறது. அப்படி வருகிறவருக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்க முடியாத ஏற்பாட்டை என்னால் நியாயப்படுத்த முடியாது. அடுத்த தடவை நீங்களும் கூடப் போங்கள். தமிழ்த் தாள் கேளுங்கள். இல்லையென்றால் அம்மா அங்கேயே பயிற்சி செய்வதை, பிசியோவிடம் கேட்டு, போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.