பாதியில் விட்டுப் போகிறவர் மேல் தப்பில்லை

கேள்வி: மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறோம். இணையதளத்தில் பார்க்கிறார்கள், ஆர்டர் போடும்போது பாதியில் விட்டுவிட்டுப் போன் அடிக்கிறார்கள். பயனர் மைய வடிவமைப்பு என்கிறார்களே, அதைச் செய்தால் சரியாகுமா?

ஆகும். ஆனால் தளத்தின் நிறத்தை மாற்றுவதற்குப் பெயர் அதுவல்ல; வாங்குகிறவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்த்து, அதற்கேற்பத் தளத்தை அமைப்பதுதான் அது. தள்ளித் திறக்கவேண்டிய கதவில் கைப்பிடி வைத்தால் கை தானாக இழுக்கத்தான் செய்யும். பிறகு 'தள்ளவும்' என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் 1988-லேயே இதை விலாவாரியாக எழுதிவிட்டார். அந்த மாதிரிக் கதவுக்கே அவர் பெயர்தான். 'ஆர்டர் செய்வது எப்படி' என்று வீடியோ போட்டிருந்தால், அதுவும் ஸ்டிக்கர்தான்.

முதலில், வரும் போன்களை ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். சாயம் போகுமா, பிளவுஸ் துணி உண்டா, ஐந்தரை மீட்டர் இருக்குமா என்றுதான் பெரும்பாலும் இருக்கும். விளக்குத்தூண் பக்கம் கடைக்காரர் கேட்காமலே சொல்லிவிடுவதை உங்கள் தளம் சொல்லவில்லை. பதிலை விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள், அடியில் ஒளித்துவைக்காதீர்கள்.

அடுத்து, ஐந்து பேர். தளத்தைப் பார்த்திராதவர்களாக, இரண்டு பேராவது ஐம்பது தாண்டியவர்களாக இருக்கட்டும். அவரவர் போனில், ஒவ்வொருவராக, "ஒரு சேலை வாங்குங்க" என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். கஷ்டமே இந்த வாய்தான்; "அங்க அமுக்குங்க" என்று ஒருமுறை சொன்னாலும் சோதனை வீண். ஐந்து பேர் ஆய்வாகுமா என்று சண்டைக்கு வருவார்கள். சதவீதம் சொல்ல ஆகாது, ஓட்டை எங்கே என்று பார்க்கப் போதும்.

வழக்கமாக எங்கே உடையும் என்றால்: பொத்தான் சிறிதாக இருக்கும் (ஆண்ட்ராய்டில் 48 டிபி (dp, திரையில் அளவு சொல்லும் அலகு), ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வேண்டும்). வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வெயிலில் தெரியாது, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச மாறுபாடு 4.5:1-க்குக் குறையக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு அளந்த பொத்தானில் 'கூடையில் சேர்' பாதி வெட்டுப்படும், அகலத்தை நிலையாக வைக்காதீர்கள். ஐபோனில் உள்ளிடும் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் தொட்டதும் திரை பெரிதாகி ஆள் தடுமாறுவார். பின்கோடு பெட்டியைத் தொட்டால் எண் விசைப்பலகை வரவேண்டும். ஐந்து இலக்கம் போட்டால் 'தவறான உள்ளீடு' என்று திட்டாமல், 'ஒரு இலக்கம் குறைகிறது' என்று சொல்லுங்கள். ஒரு பிழைக்காகப் படிவம் முழுவதையும் அழித்துவிடுவது கொடுமை.

கொடுமை என்றதும் இன்னொன்று. 'குடும்பப் பெயர் கட்டாயம், குறைந்தது மூன்று எழுத்து' என்று யார்தான் ஆரம்பித்தார்களோ! நமக்கு இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. அதைப் போட்டால் சிவப்புக் கோடு. அப்பா பெயரை முழுதாகப் போட்டால் பார்சல் அவர் பெயருக்கு வரும். 'பெயர்' என்று ஒரே பெட்டி போதும்.

தளம் சரியானபிறகும் போன் நம்பரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.